வண்டியில் ஏறும்போது ஓதுவது

எங்கள் வீட்டில் கேட்பது என் மனைவியின் வேலை. ரேஷன் கடையில் கோதுமை வந்ததா என்று கேட்பது, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று வால்வு திறக்கிற ஆளிடம் கேட்பது, பஸ் கிழக்கேகோட்டை வழியாகப் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பது எல்லாம் அவள்தான். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலாம் வகுப்போடு நின்றதால் வந்த கூச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு அது இருந்தது.

அல்லாஹ்விடம் கேட்பதும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. நான் தொழாமல் இருந்ததில்லை. திருவனந்தபுரம் மணக்காட்டில் எங்கள் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும், தொழவைக்கிற உஸ்தாத் துஆவுக்குக் கையேந்துவார். மலையாளத்திலும் அரபியிலும் எங்கள் எல்லோருக்குமாகக் கேட்பார். நாங்கள் ஆமீன் சொல்வோம். நான் சொல்லும் ஆமீன் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. அதோடு என் பங்கு முடிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிடுவேன்.

அவள் அப்படி இல்லை. பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு முஸல்லாப் பாயில் உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். கையை ஏந்திக்கொண்டு முணுமுணுவென்று பேசிக்கொண்டே இருப்பாள். என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆவல். சட்டையை மாட்டுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறேன். குரலின் ஏற்ற இறக்கம் கேட்கும், சொல் பிடிபடாது. நடுவில் சில நாள் சிரிப்பாள். அல்லாஹ்விடம் பேசும்போது சிரிப்பதற்கு என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கடைக்குப் போவேன்.

போன வருஷம் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு சேலைத் தலைப்பால் கழுத்தை மூடினாலும் தெரிகிற அளவு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, ஊசி போட்டுச் சோதித்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார்: குரலை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டியின் முதுகோடு ஒட்டிப் போகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் குரல் போய்விடும். சிலருக்கு அது திரும்பி வராமலும் போகலாம்.

பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

"அவருக்கு ஒண்ணும் கேட்க இருக்காது டாக்டரே. எல்லாம் நான்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் கேட்க ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் ஆகும், எப்போது சாப்பிடலாம், தழும்பு தெரியுமா, தொழும்போது குனியலாமா. டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். குரல் போனால் என்ன செய்வது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "நீ துஆக் கேளு. உன் துஆ நீளமா இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குன்னு கேட்க ஒரு மாதிரியா இருக்கு மச்சான். அடுத்தவங்களுக்குன்னா வாயில தானா வருது. இது நீங்க கேளுங்க."

"நானா?"

"பின்ன ஆரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

இப்படித்தான் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு துஆ. சின்ன வயசில் ஓதுகிற பள்ளியில் எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ராகம் போட்டுக் கத்துவோம். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், தூங்கும் முன் என்று வரிசையாக வரும். அந்தக் கூட்டத்தில் நான் வாயை மட்டும் அசைத்தவன். ஆனாலும் ஒன்று மனசில் ஒட்டிக்கொண்டது. "சுப்ஹானல்லதீ" என்று ஆரம்பிக்கும். நடுவில் ஒரு இடத்தில் குரல் மேலே ஏறி, முடியும்போது கனமாக இறங்கும். அந்த இறக்கத்தைக் கேட்டு, இது பெரிய கஷ்டத்துக்கான துஆ என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்டு உறுதி செய்யவில்லை. கேட்பது நம் வழக்கம் இல்லையே.

அதை எடுத்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஓதினேன். கடையில் மெஷின் மிதிக்கும்போது ஓதினேன். நான் வேலை பார்ப்பது வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. ரெக்ஸினை மடித்து ஊசிக்குக் கீழே தள்ளும்போது கைக்கு வேலை உண்டு, வாய் சும்மாதான் இருக்கும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஓதி ஊதி அவளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். விடியற்காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து அவள் கழுத்துப் பக்கமாகவும் ஊதினேன்.

"மெதுவா ஊதுங்க. எச்சி தெறிக்குது" என்பாள். ஆனால் கழுத்தை நகர்த்த மாட்டாள்.

அந்த நாட்களில் பள்ளிவாசலில் மற்றவர்கள் கையேந்துவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதுவரை பார்த்ததே இல்லை. ஒருவர் உள்ளங்கைகளை முகத்துக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய், கண்ணாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொள்கிறார். ஒருவர் மடியிலேயே வைத்து விரல்களை மட்டும் விரிக்கிறார். விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு வந்த வங்காளிப் பையன் ஒருவன், நகத்துக்குள் சிமெண்டு, கையை நன்றாக மேலே தூக்கி மழைத்தண்ணீர் பிடிப்பதுபோல் பிடிக்கிறான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற ஒருவர் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். நல்ல சட்டை, நல்ல வாட்ச், வாசலில் நல்ல வண்டி. அவருக்கு என்ன இல்லை? எல்லோரும் என்ன கேட்கிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள், கேட்டு முடித்து எழுந்திருக்கும்போது ஏன் கொஞ்சம் லேசாகத் தெரிகிறார்கள்? எனக்கு அந்த லேசு வரவில்லை. ஓதி முடித்தால் ஒரு வேலை முடிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் கடைக்கு ஒரு ஆட்டோ வந்தது. பழைய ஆட்டோ, ஆனால் டிரைவர் அதைப் புதுப்பெண் மாதிரி அலங்கரித்து வைத்திருந்தார். பின் சீட்டுக்குப் புது உறை போட வேண்டும். நான் உள்ளே குனிந்து பழைய உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது முன் கண்ணாடியின் மேல் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. பச்சை நிறத்தில் அரபி எழுத்து, கீழே மலையாளம். அரபி எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். சும்மா படித்தேன். சுப்ஹானல்லதீ.

மேலே படித்தேன். என் துஆதான். ஏறும் இடம், இறங்கும் இடம், எல்லாம் அதேதான்.

"இது என்ன?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எந்தா இக்கா, முஸ்லிமல்லே நீங்க? வண்டியில ஏறும்போ ஓதுற துஆ."

"வண்டியில ஏறும்போது மட்டுமா?"

"பின்னே? ஒட்டகம், குதிரை, கப்பல், ஆட்டோ. ஏறுற எல்லாத்துக்கும் உண்டு. இந்த மாதிரி ஒரு சாதனத்தை நமக்கு அடக்கிக் கொடுத்தவனுக்குப் புகழ்ச்சின்னு அர்த்தம். கீழே மலையாளத்துல எழுதியிருக்கே." கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தார். "ஏன், நீங்க எதுக்கு ஓதுனீங்க?"

நான் மறுபடியும் சீட்டுக்குள் குனிந்துகொண்டேன். அன்றைக்குத் தைத்த உறையில் ஒரு பக்கம் தையல் வளைந்து போய்ப் பிரித்துத் தைத்தேன்.

மனசில் பயத்தைவிட அதிகமாக ஒரு கேள்விதான் ஓடியது. இத்தனை நாள் நான் ஓதியது எங்கே போயிருக்கும்? வண்டிக்கான கணக்கில் சேர்ந்திருக்குமா? தொண்டைக்காரி ஒருத்திக்காக இவன் ஏன் வண்டி துஆ ஓதுகிறான் என்று வானத்து மலக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்களா? இல்லை, எதுவுமே கேட்காத மாதிரிதானா? ஆபரேஷன் நாள் நெருங்கிவிட்டது, அவளுக்காக இன்னும் ஒருவரும் கேட்கவே இல்லையா?

வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் முகம் அவளுக்குப் பாடம். சொல்லி முடிக்கும் முன்பே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படிச் சிரித்தாள்.

"என் தொண்டையில ஆட்டோவா ஓட்டுனீங்க இத்தனை நாளும்?"

"சிரிக்காத புள்ள. வலிக்கும்."

"அதான் ராத்திரி இருமும்போது ஸ்டார்ட் ஆகுற மாதிரி சத்தம் வந்துச்சு!" கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்த பிறகு அமைதியாகச் சொன்னாள். "உஸ்தாத்கிட்ட போய்க் கேளுங்க."

"நீயும் வா."

"நான் வரமாட்டேன்."

"சரி, நீ எப்படிக் கேப்பே, அதையாவது சொல்லு. அதே மாதிரி நானும் கேக்கேன்."

"ஆங். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீங்க உங்க வழியைப் பாருங்க."

மறுநாள் அஸருக்குப் பிறகு எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். உஸ்தாத் என்னைவிட வயசில் ரொம்பச் சின்னவர், மலப்புறத்துக்காரர், தாடி இப்போதுதான் அடர்ந்துகொண்டிருக்கிறது. நான் செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒளு எடுக்கக் கைகால் கழுவுகிற இடம்வரை போய்விட்டு வந்தேன். மறுபடியும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன இக்கா, செருப்பு காணாமப் போச்சா?" என்று அவரே வந்து கேட்டார்.

"இல்ல. செருப்பு இருக்கு."

"பின்னே?"

தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ வந்த இடத்தில் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, "தப்பா நினைக்காதீங்க இக்கா" என்றார்.

"இல்ல, வீட்டுலயும் சிரிச்சாங்க."

"ஓதும்போது மனசுல என்ன இருந்துச்சு?"

"அவ தொண்டை."

"வண்டி இல்லையே?"

"என்கிட்ட வண்டியே கிடையாது உஸ்தாதே."

இந்தத் தடவை அவர் பொத்திக்கொள்ளாமலே சிரித்தார். "அது அவனுக்கும் தெரியுமே. உங்ககிட்ட வண்டி இல்லைன்னு."

கொஞ்சம் தைரியம் வந்தது. இனிமேல் எப்படிக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். தமிழிலேயே கேளுங்கள் என்றார். அவருடைய உம்மா கேட்கிற மலையாளம் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கே புரியாதாம், அல்லாஹ்வுக்குப் புரிகிறதாம். எனக்குப் பிரச்சினை மொழி இல்லை, கேட்பதே கூச்சம் என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"அவனும் ஒரு விஷயத்துல கூச்சப்படுவான் இக்கா. ரசூல் நபி சொல்லியிருக்காங்க. ஒரு அடியான் அவன்கிட்ட ரெண்டு கையையும் ஏந்தினா, அதை வெறுங்கையாத் திருப்பி அனுப்ப அவனுக்குக் கூச்சமாம். நம்ம கூச்சம் மாதிரி நினைச்சுக்காதீங்க. அவனுக்குத் தக்கது அது."

"அப்படின்னா கேட்டது கிடைச்சிருமா?"

"அதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. கேட்டதே கிடைக்கலாம். வேற ஒண்ணு கிடைக்கலாம். வரவேண்டிய வேறொரு கஷ்டம் வராமப் போகலாம். இங்க இல்லாம மறுமைக்குன்னு வச்சிருக்கலாம். வெறுங்கை மட்டும் இல்ல." எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "அந்த நம்பிக்கையோட கேக்கணும். கிடைக்குமோ கிடைக்காதோன்னு ஒரு கால் வாசலுக்கு வெளியில வச்சுக்கிட்டுக் கேக்கக்கூடாது."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். கூச்சம் என்பது என்னைப் போன்றவர்களின் குறை என்றுதான் இவ்வளவு காலம் இருந்தேன். அதை அவன் தனக்கென்றும் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால், அது எப்படி இருக்கும்? வானம், பூமி எல்லாவற்றையும் படைத்தவன், ஒரு மனுஷனின் இரண்டு கைகளுக்கு முன்னால் எப்படித் தயங்குவான்? யோசிக்க யோசிக்கப் பிடிபடவில்லை. ஆனால் யோசிப்பது பிடித்திருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை உடுப்புப் போட்டு அவளை வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுப் பக்கம் வந்ததும் அவள் என் சட்டையைப் பிடித்தாள். "பசிச்சா கேன்டீன்ல போய் தோசை கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க. பட்டினி கிடக்காதீங்க." கதவு மூடிக்கொண்டது. அவள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது தோசையாகிவிடக்கூடாதே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் யாரோ தொழுவதற்காகப் பாய் விரித்து வைத்திருந்தார்கள். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். நம்மில் அல்லாஹ்வை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கடைக்கு வருகிற பையன்களைக்கூட 'நீங்க' என்கிறவன். அந்த ஒரு எழுத்து வருவதற்கே நேரம் பிடித்தது. வந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், ஓ.பி. கவுண்டரில் சொல்வதுபோல் சொன்னேன். யா அல்லாஹ், உள்ளே இருப்பது என் மனைவி. தொண்டையில் கட்டி. மூன்றாவது தியேட்டர். சொன்ன பிறகு, இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் ஏதோ தளர்ந்தது. மேலே பேச வந்துவிட்டது. அவள் குரலை அவளிடமே விட்டுவிடு என்றேன். அவள் அதை வைத்துக்கொண்டு யாரையும் நோகடித்ததில்லை என்றேன், பிறகு அது முழு உண்மை இல்லை என்பதால் கொஞ்சம் திருத்திச் சொன்னேன். வேண்டுமானால் என் குரலை எடுத்துக்கொள் என்று சொல்ல வந்தேன். அதை வைத்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தோன்றவே, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வேறு யாரிடம் கேட்கவும் தெரியாது, உன்னிடம்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுந்தபோது பின்னால் ஒருவர் பாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு நேரமாக நின்றார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை டாக்டர் வந்து, "ஈ என்று சொல்லுங்கள்" என்றார். அவள் சொன்னாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். காற்றுதான்.

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். நரம்பு அறுபடவில்லை என்றார். களைத்துப்போய் இருக்கிறது, வீங்கியிருக்கிறது. சில வாரத்தில் வரலாம், சில மாதம் ஆகலாம். வராமலும் இருக்கலாம், ஆனால் எதிர்பார்க்கலாம். பிறகு என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை நான் கேட்டேன். எப்போது மறுபடி வர வேண்டும், என்ன சாப்பிடலாம், பேச முயற்சி செய்யலாமா, செய்யக்கூடாதா. குழறித்தான் கேட்டேன். படுக்கையில் இருந்தவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சைகையும் காற்றும் கலந்து பேசினாள். ரேஷன் கடைக்கு நான் போனேன், வால்வுக்காரரிடம் நான் கேட்டேன். முதல் நாள் அவர், "வீட்டம்மா எங்கே?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடினார்.

அஸருக்குப் பிறகு இப்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். முதல் நாள் நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் முழங்கையால் இடித்தாள். "சத்தமா" என்றாள், காற்றில். "எனக்குக் கேக்கணும்."

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது" என்றேன்.

அவள் தொடையில் கிள்ளிவிட்டாள். அதனால் சத்தமாகக் கேட்டேன். தினமும் கேட்கிறேன். எனக்கு நீளமாக வராது, ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு மாதிரி சொல்வேன். அவள் குரல் வேண்டும். இன்றைக்கும் வரவில்லை, நாளைக்கும் வந்து கேட்பேன். இப்படித்தான் போகும். கேட்டு முடித்து எழுந்திருக்கும்போது நானும் கொஞ்சம் லேசாக இருக்கிறேனா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும், என் முகத்தை நான் பார்த்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடையில் நடந்த ஒரு விஷயத்தையும் நடுவில் சொல்லிவிட்டேன். ஒருவர் ஆட்டோ சீட்டுக்கு வெல்வெட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த கதை. அல்லாஹ்விடம் சொல்ல வேண்டிய விஷயமா அது, தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து "ம்" என்று கேட்டது.

காற்று இல்லை. சத்தம். கரகரவென்று, கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவதுபோல் ஒரு ம்.

நான் நிறுத்தினேன். அவளும் என்னைப் பார்த்தாள், தான்தானா என்பதுபோல். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள், காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிய சத்தமா, குரல்தானா என்று எங்கள் இரண்டு பேருக்கும் நிச்சயம் இல்லை. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் போக வேண்டும்.

என் கைகள் ஏந்தினபடியே இருந்தன. அவள் அவற்றை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள் காற்றில். "வெல்வெட் கிடைச்சுதா?"

நான் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.